கடைசிப் பெட்டிக்குப் பூச்சு போதவில்லை

தம்பி, இந்தக் கடிதத்தோடு ஒரு போத்தல் வருகிறது. உள்ளே கறுப்புச் சேறு. சென்ற முறை நீ தந்துவிட்டுப் போன போத்தல்களில் மிஞ்சியிருந்த ஒன்று. மூடியில் உன் கையெழுத்திலேயே இடத்தின் பெயர் இருக்கிறது. முதலில் சேற்றைச் சோதித்துவிட்டுக் கடிதத்தை வாசித்தாலும் சரி, வாசித்துவிட்டுச் சோதித்தாலும் சரி. இரண்டையும் முடிக்காமல், நம் தொடுவாயைப் பற்றி நீ எழுதும் அந்த அறிக்கையில் கையெழுத்து வைக்காதே. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்லும்போதே நீ "பரவாயில்லை அப்பா" என்பாய், நானும் சரியென்று வைத்துவிடுவேன். நம் இருவருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. உறையை நான் ஒட்டவில்லை. வழியில் யாராவது எடுத்து வாசித்தால் வாசிக்கட்டும். எப்படியும் வருகிற ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே தெரியப் போகிறது.

அடுத்த மாதம் நீ வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாய். அம்மா மிளகாய்த்தூள் இடித்து, கருவாடு காயவைத்து, உன் பெட்டி எத்தனை கிலோ தாங்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் என் பங்குக்குப் புத்தி சொல்ல வேண்டிய நேரம் இது. மற்றத் தகப்பன்மார் சொல்வதையெல்லாம் நீயே அறிவாய். குளிருக்குச் சட்டை போடு, ஞாயிறு பூசையை விடாதே, யாருக்கும் பிணை நிற்காதே. என்னிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உன் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் வருகிற தண்ணீரையும் சேற்றையும் எடுத்த கை யாருடையது என்று ஒவ்வொரு முறையும் கேள். அந்தக் கை உன் தகப்பனுடையதாக இருந்தாலும் கேள்.

நாங்கள் இந்திய முகாமிலிருந்து ஓலைத்தொடுவாய்க்குத் திரும்பி வந்த காலத்தில் நீ விடுதியில் தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாய். அதனால் இங்கே நடந்ததில் பாதி உனக்குத் தெரியாது. வந்தபோது வீடு இருந்த இடத்தில் உடைமுள் நின்றது. தகரம் தந்தார்கள், கொட்டில் போட்டோம். ஒரு உதவி நிறுவனம் எனக்கு பைபர் வள்ளம் தந்தது. நான் எதற்கும் சந்தோஷப்படவில்லை, எதற்கும் அழவும் இல்லை. முகாமில் வரிசையில் நின்று நின்று, தருவதை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளுக்கு இடம்விடப் பழகியவன் நான். வள்ளத்தையும் அப்படித்தான் வாங்கினேன். வள்ளத்தோடு இரண்டு தகரம் அடிப்பூச்சும் கொடுத்தார்கள், செங்கல் நிறம். "இது புது விதம். செம்பை மாவிலும் மாவாக அரைச்சுப் போட்டிருக்கு. இனி உங்கட வள்ளத்தில சிப்பியும் ஒட்டாது, பாசியும் பிடிக்காது" என்று கொண்டு வந்தவர் சொன்னார். ஏன் ஒட்டாது என்று நான் கேட்கவில்லை. ஒட்டாவிட்டால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

அதே ஆண்டுதான் அம்மா ஐந்து பெண்களைச் சேர்த்து நண்டு வளர்க்கத் தொடங்கினாள். அதை நீ அறிவாய். மேலோட்டுக் கோது கழற்றி, உள்ளே சதையில்லாமல் வெறும் தண்ணீராய்க் கிடக்கும் நண்டுகளை மலிவாக வாங்குவார்கள். தொடுவாயில், கடல் உள்ளே நுழையும் அந்தக் கழியில், கண்டல் மரங்களின் ஓரமாக, பலகைப் பெட்டிகளில் அவற்றைப் போட்டு மூன்று நான்கு கிழமை தீன் கொடுத்தால் சதை பிடித்துவிடும். தீன் கொடுக்கும் வேலை ஞானம்மாவினுடையது. கடைசிச் சண்டையில் புருஷனைப் பறிகொடுத்து, கைப்பிள்ளையோடு வந்தவள். தினமும் பின்னேரம் ஒரு வாளி சூடை மீனைத் துண்டு துண்டாக நறுக்கி, முதல் பெட்டியில் தொடங்கிக் கடைசிப் பெட்டி வரைக்கும் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போடுவாள். நண்டுகளோடு பேசுவாள். "வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ, எனக்கு வேற வேலை இருக்கு" என்பாள். மற்றப் பெண்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்த நாட்களில் எங்கள் கரையில் கேட்ட சிரிப்பு அவ்வளவுதான்.

எங்கள் கோயில் திருவிழாவுக்கு முந்திய கிழமை வள்ளங்களைக் கரையில் ஏற்றிப் பூச்சு அடித்து வரிசையாக வைப்பதும், சுவாமியார் வந்து செபம் சொல்லி மந்திரிப்பதும் உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திரும்பி வந்த பிறகு நடந்த முதல் பெரிய திருவிழா அது. பெண்கள் தங்கள் நண்டுப் பெட்டிகளையும் வள்ளங்களோடு வைத்து மந்திரிக்க வேண்டும் என்று கேட்டார்கள், சுவாமியாரும் சம்மதித்தார். பழைய நண்டுகளை விற்றுவிட்டுப் பெட்டிகளைக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். அவற்றைப் பார்க்கவே சகிக்கவில்லை. பாசியும் சிப்பியும் ஏறி, பலகை எது ஓட்டை எது என்று தெரியாமல் கிடந்தன. பூச்சு அடித்த வள்ளங்களுக்குப் பக்கத்தில் இந்தக் கோலத்தில் வைக்கப் போகிறார்களே என்று எனக்குத் தோன்றியது. ஒரு நாள் காலை அவர்கள் வருவதற்கு முன் பெட்டிகளைச் சுரண்டி, வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பூச்சை உள்ளும் புறமுமாக அடித்தேன். பதின்மூன்று பெட்டிகள். பன்னிரண்டுக்கு அடித்தபோது தகரம் வெறுமையாகிவிட்டது. கடைசிப் பெட்டியைச் சுரண்டியதோடு விட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு இப்பிடியும் ஒரு மனம் இருக்கோ" என்று கேட்டாள். முகாமுக்குப் போன நாளிலிருந்து அவள் என்னைக் கேலி செய்யாமலே இருந்தாள். அன்று செய்தது எனக்குப் பிடித்திருந்தது.

சுவாமியார் பெட்டிகளுக்கும் தீர்த்தம் தெளித்தார். பூச்சு சரியாகக் காய்வதற்குள் தொடுவாயில் இறக்கி, புது நண்டுகளைப் போட்டார்கள். காற்று விழுந்து தண்ணீர் ஓட்டமில்லாமல் கிடந்த நாட்கள். மூன்றாம் நாள் நண்டுகள் சோர்ந்தன. ஐந்தாம் நாள் பன்னிரண்டு பெட்டிகளிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசிப் பெட்டியில் மட்டும் எல்லாம் உயிரோடு இருந்தன. கரையில் எல்லோரும் கூடினார்கள். அந்தக் கிழமை சூடை குறைவாகத்தான் கிடைத்தது என்றும், கடைசிப் பெட்டி வரும்போது வாளி காலியாகிவிட்டது என்றும், அந்தப் பெட்டிக்கு மட்டும் இரண்டு நாள் தீன் போடவில்லை என்றும் ஞானம்மாதான் சொன்னாள். அவள் வாயால் வந்ததே அவளுக்கு வினையாகிவிட்டது. தீன் தின்றவை செத்தன, தின்னாதவை பிழைத்தன. இதற்கு மேல் என்ன வேண்டும்? "பழுதாப்போன மீனைப் போட்டிருக்கிறாய்" என்றாள் ஒருத்தி. "உன்ர கை விளங்காத கை" என்றாள் இன்னொருத்தி. அம்மா தலைவி, அவள்தான் முடிவு சொல்ல வேண்டும். "ஞானம்மா, நீ கொஞ்ச நாளைக்கு வராத" என்றாள். நான் பத்தடி தள்ளி வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். பூச்சும் அந்தப் பெட்டிக்குத்தான் போதாமல் போனது என்பது எனக்கு அப்போதே தோன்றிவிட்டது. கை வலையிலேயே இருந்தது.

சந்தேகம் மட்டும்தான் என்று உனக்குச் சொல்லித் தப்பிக்கலாம். அப்படியில்லை. பிழைத்த நண்டுகளில் இரண்டை எடுத்து, கரைக்கு ஏற்றிக் கிடந்த பூச்சுப் பெட்டி ஒன்றைத் திரும்ப இறக்கி, அதில் போட்டேன். நானே நல்ல சூடையாக வாங்கி நறுக்கிப் போட்டேன். நான்காம் நாள் விடிய இரண்டும் கால்களை மடக்கிக் கிடந்தன. நீ பல்கலைக்கழகத்தில் படித்துச் செய்ததை உனக்கு முன்னமே நான் இந்தத் தொடுவாயில் செய்திருக்கிறேன், தம்பி. முடிவும் சரியாகவே வந்தது. அதை யாருக்கும் சொல்லாததுதான் வித்தியாசம். அன்றே பன்னிரண்டு பெட்டிகளுக்குள்ளும் கல் வைத்து, கண்டல் வேருக்குக் கீழே ஆழமான இடத்தில் தாழ்த்தினேன். "பெட்டியளைக் காணேல்ல" என்று அம்மா கேட்டதற்கு, விறகுக்கு உடைத்துவிட்டேன் என்றேன். அன்று எனக்கு வெட்கமோ பயமோ ஒன்றும் வரவில்லை. மதியம் சோறு தின்றேன், படுத்தேன், நித்திரையும் வந்தது. அதைத்தான் இப்போது நினைக்கப் பயமாக இருக்கிறது. தவக்காலம் தோறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பொய் சொன்னேன், கோபப்பட்டேன் என்று பொதுவாக இரண்டைச் சொல்லிவிட்டு வருவேன். இதைச் சொன்னதில்லை.

பிறகு நீ எடுத்த படிப்பு இது. உலகத்தில் எத்தனையோ படிப்பு இருக்க, உலோகத்தை நுண்ணிய துகளாக்கினால் உயிர்களுக்கு என்ன ஆகும் என்பதைத்தானா நீ படிக்க வேண்டும்? பட்டமளிப்புக்கு வந்தபோது உன் ஆய்வுகூடத்துக்கு என்னைக் கூட்டிப்போனாய். உப்பளத்துத் தண்ணீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சின்ன இறால் குஞ்சுகளைக் கிண்ணத்தில் விட்டு, செம்புத் தூள் கலந்து, ஒரு நாள் கழித்து எது அசைகிறது எது அசையவில்லை என்று எண்ணுவதுதான் உன் வேலை என்றாய். உருப்பெருக்கியில் பார்க்கச் சொன்னாய். கண்ணாடி போன்ற உடம்பு, நடுவே குடல் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. "அது தின்ட செம்பு அப்பா. வெளியில தள்ள ஏலாமல் கிடக்குது" என்றாய். அதே செம்பு கம்பியாகக் கிடந்தால் இவ்வளவு கேடில்லையே, பொடியானால் ஏன் இப்படி என்று கேட்டேன். "கட்டி உப்பையும் தூள் உப்பையும் தண்ணியில போட்டுப் பாருங்கோ. எது கெதியாய்க் கரையுது? சின்னனாக ஆக, தண்ணி தொடுற இடம் கூடும். செம்பு கரைஞ்சு வந்து நண்டு, இறால் மாதிரிச் சீவன்களின்ர பூவில, அது மூச்செடுக்கிற செவுளில பிடிக்கும். பிடிச்சால் மூச்செடுக்க ஏலாது" என்றாய். வள்ளப் பூச்சைப் பற்றியும் நீயாகவே சொன்னாய். ஒட்ட வருகிற உயிர் செத்தால்தான் வள்ளத்தில் ஒன்றும் ஒட்டாமல் இருக்கும் என்றாய். நான் தலையாட்டினேன். ஏன் ஒட்டாது என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடம் பிடித்தது. வெளியே வந்து உன்னோடு தேநீர் குடித்தேன், படம் எடுத்தோம். படத்தில் நான் நன்றாகத்தான் நிற்கிறேன்.

போன வருடம் நீ வீட்டுக்கு வந்தபோது, விளையாட்டுப்போல, கண்டலடியில் சேறு எடுத்துக்கொண்டு போனாய். ஒரு கிழமை கழித்துத் தொலைபேசியில் கேட்டாய்: "அப்பா, தொடுவாய்ச் சேத்தில செம்பு கனக்கக் கிடக்குது. அந்தப் பக்கம் முந்தி ஏதும் பூச்சுப் பட்டறை இருந்ததோ?" இல்லை என்றேன். "பழைய வள்ளம் ஏதும் அடியில தாண்டு கிடக்குதோ?" அதற்கும் இல்லை என்றேன். சேற்றில் கிடக்கிற நஞ்சு புழுவுக்குள் போகும், புழுவைத் தின்கிற மீன்குஞ்சுக்குள் போகும், கண்டலடியில் முட்டையிட வருகிற எதையும் அது விடாது என்று நீ விளக்கினாய். அந்தப் பக்கத்தில் இப்போது குஞ்சு இறால் படுவதில்லை என்பது எனக்குத் தெரியும். கடல் அப்படித்தான் சில வருடம் தரும், சில வருடம் தராது என்று நானே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மாதம் ஒரு போத்தலாக அதே இடத்தில் சேறு எடுத்து அனுப்பும்படி நீ கேட்டாய். மூன்று மாதம் அனுப்பினேன். மூன்றும் கண்டலடிச் சேறு இல்லை. பாலத்துக்கு அப்பால், வேறொரு கழியில் எடுத்தது. அதே கறுப்பு, அதே மணம். நீ கண்டுபிடிக்கவில்லை. அப்பா எடுத்தது என்பதால் சந்தேகப்படவும் இல்லை. "செம்பு குறைஞ்சிட்டுது அப்பா, தொடுவாய் தன்ர பாட்டில சுகமாகுது" என்று சந்தோஷமாகச் சொன்னாய். நான் ஓம் என்றேன்.

ஒரு பொய்யை மூட வந்த இந்தப் பொய் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார். நீ சொன்னதை அம்மா பெண்களுக்குச் சொன்னாள். தொடுவாய் சுகமாகிவிட்டது என்று என் மகன், படித்தவன், சோதித்துச் சொல்லிவிட்டான் என்றாள். அன்றோடு நின்றுபோன நண்டு வளர்ப்புக்குப் பழைய ஆட்களோடு புது ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள். தச்சன் பெட்டி அடித்துக்கொண்டிருக்கிறான். நண்டு வளர்ப்புத் திட்டத்தை நடத்தும் கந்தோருக்கு உன் அறிக்கை போனால் போதும், திருவிழாவில் மந்திரித்து அதே கண்டலடியில் இறக்கப் போகிறார்கள். நண்டு செத்தால் இந்த முறை யார் தலையில் விழும் என்று யோசித்தேன். இன்னொரு ஞானம்மாவின் தலையில், அல்லது உன் தலையில். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. சென்ற கிழமை அம்மா, ஞானம்மா இப்போது இருக்கும் தோட்டவெளிக்கு ஆள் அனுப்பி ஞானம்மாவைக் கூப்பிட்டாள். பழசை மறந்து அவளையும் சேர்த்துக்கொள்வோம் என்று பெருந்தன்மையாகத்தான் கூப்பிட்டாள். அவள் வந்தாள், ஆனால் வாசல் படலையைத் தாண்டவில்லை. "அக்கா, பெட்டி கழுவுறன், வலை கட்டுறன், என்ன வேலையெண்டாலும் செய்யிறன். தீன் போடுற வேலை மட்டும் எனக்கு வேண்டாம். என்ர கையால இன்னொருக்கால் ஏலாது" என்றாள். கோயில் விருந்துச் சமையலில் அவள் ஏன் எப்போதும் சட்டி கழுவும் இடத்திலேயே இருப்பாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஏழு வருடமாக அவள் யாருக்கும் சாப்பாடு பரிமாறி நான் கண்டதில்லை. மற்றவர்கள் தாங்கள் சொன்னதை மறந்துவிட்டார்கள், அவள் நம்பிவிட்டாள்.

அவள் போன பிறகு அம்மாவுக்குச் சொன்னேன். அடுப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "ஞானம்மாவை வராத எண்டு சொன்னது நான்" என்றாள். அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டபடி, "நீங்கள் பக்கத்திலதானே நிண்டனீங்கள்" என்றாள். பிறகு, "தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றாள். அன்றிலிருந்து தேவைக்கு மட்டும் பேசுகிறாள். உனக்குத் தொலைபேசியில் எதையும் காட்டியிருக்கமாட்டாள், நீயும் கேட்காதே.

அடுத்த நாள் காலை தோட்டவெளிக்குப் போனேன். ஞானம்மா முற்றத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். "வாங்கோ அண்ணை" என்று கதிரை எடுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். பூச்சு, பெட்டி, இரண்டு நண்டு, கல், பொய், பாலத்துக்கு அப்பால் எடுத்த சேறு. சொல்லும்போது என் குரல் ஏலச் சந்தையில் மீனுக்கு விலை சொல்வது போல ஒரே சீராக இருந்தது. அழவேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. அவளும் அழவில்லை. கையில் சவர்க்கார நுரையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப என்ர தீனில பிழையில்லையோ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சூடை பழுதில்லையோ?" இல்லை என்றேன். மூன்றாவது முறையும் அதையே கேட்டாள். "இல்லை ஞானம்மா, உன்ர கையில ஒரு பிழையும் இல்லை" என்றேன். அவள் நுரையைப் பாவாடையில் துடைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

"இதை எனக்கு மட்டும் சொல்லி என்ன அண்ணை?" என்றாள். "அண்டைக்கு என்னில பிழையெண்டு எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னவை."

அவ்வளவுதான். படலை வரைக்கும் வந்து, "போயிட்டு வாங்கோ" என்றாள். வீட்டுக்கு வந்ததும் நான் கண்டலடிக்குப் போனேன். பெட்டிகளைத் தாழ்த்திய இடம் எனக்கு மறக்கவில்லை. பலகை உளுத்துவிட்டது, ஆனால் பூச்சு இன்னும் கையில் சிவப்பாக ஒட்டுகிறது. ஏழு வருடமாகியும் அதன்மேல் ஒரு சிப்பிகூட இல்லை. அந்தப் பெட்டிகளின் அடியிலிருந்து எடுத்ததுதான் இந்தப் போத்தலில் இருக்கும் சேறு. அவற்றை வெளியே தூக்கினால் சேறு கலங்கி இன்னும் பரவுமா, அப்படியே விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒருமுறை எனக்குத் தெரிந்ததுபோலச் செய்ததே போதும். நீ சொல்லும்வரை தொடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண்கள் கூட்டம் கோயில் மண்டபத்தில். நான் எழுந்து நின்று சொல்லப் போகிறேன். ஆனால் என் வாய்ப்பேச்சை யாரும் முழுதாக நம்பமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஞானம்மாவுக்கு இரக்கப்பட்டுப் பழியை ஏற்கிறான் என்பார்கள், அல்லது வயது போய்விட்டது என்பார்கள். அதற்கு உன் அறிக்கை வேண்டும். தொடுவாய் இன்னும் சுகமாகவில்லை, அங்கே நண்டு போடக்கூடாது என்று எழுது. செம்பு எங்கிருந்து வந்தது என்ற இடத்தில், காரணம் தெரியவில்லை என்று நீ எழுதி வைத்திருப்பதை வெட்டிவிட்டு, என் பெயரை எழுது. முன் அனுப்பிய மூன்று போத்தல்களும் பொய் என்பதையும் எழுது. தகப்பன் என்று பார்க்காதே. இது உன் படிப்புக்கு இடைஞ்சலாகுமென்றால் எனக்கு அதற்கும் ஈடு செய்யத் தெரியாது, நான் அதைச் சுமந்துகொண்டுதான் இருக்க வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில்தான் போக வேண்டும் என்று சொன்னாய், போகட்டும். ஒரு வரியை மட்டும் தமிழில், பெரிய எழுத்தில் எழுது. ஞானம்மா கொடுத்த தீனில் ஒரு பிழையும் இருக்கவில்லை என்று எழுது. அதை வேறு யாரும் வாசித்துக் காட்டக்கூடாது, அவளே வாசிக்க வேண்டும்.